சோதனைக்கு நின்ற ஒரு பெண்: நீதிபதி அன்னா சாண்டி

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க. மகளிர் தினத்துக்காகப் பேசச் சொன்னாங்க. நான் இன்ஜினியரிங் படிச்சவ, வரலாறு எனக்குப் பாடம் கிடையாது. ஆனா இந்தத் தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். காரணத்தை முதல்லயே சொல்லிடறேன்.

போன மாசம் நம்ம அணியில இருக்கிற ஒரு பெண் தோழர் லைவ்ல பேசினாங்க. பட்ஜெட் பத்தி, ரொம்ப நல்லா, எண்களோட பேசினாங்க. கீழே வந்த கமெண்ட்ல பட்ஜெட் பத்தி ஒரு வரிகூட இல்லை. என்ன வந்ததுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், நான் திரும்பச் சொல்லப் போறதில்லை. அதுக்கப்புறம் நடந்த அணிக் கூட்டத்துல ஒரு யோசனை வந்தது: "இனிமே பெண் தோழர்கள் முகம் காட்ட வேண்டாம், குரல் மட்டும் கொடுக்கட்டும், போஸ்டர் மட்டும் டிசைன் பண்ணட்டும்." சொன்னவர் அக்கறையோடதான் சொன்னார், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த ராத்திரிதான் நான் அன்னா சாண்டியைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

யார் இந்த அன்னா சாண்டி? இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. இந்த ஒரு வரி போட்டித் தேர்வு எழுதற எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு மேல கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது.

1905ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பாச் சொல்லணும். திருவிதாங்கூர்னா ஏதோ அடுத்த மாநிலத்துக் கதைன்னு நினைச்சுடாதீங்க. நான் மார்த்தாண்டம் பக்கம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் எங்க ஊர் திருவிதாங்கூர்லதான் இருந்தது. எங்க பக்கத்துப் பழைய வீடுகள்ல பெட்டியைத் திறந்தா, பத்திரத்துல கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். தோள்சீலைக்காக எங்க பாட்டிமாரோட பாட்டிமார் போராடினதும் அதே ராஜ்யத்துலதான். பெண் மேல்சீலை போடலாமா கூடாதான்னு 1859ல் அரசு ஆணை போட வேண்டியிருந்த நாடு அது. அதே நாட்டுல, எழுபத்தெட்டு வருஷம் கழிச்சு, ஒரு பெண் நீதிபதி நாற்காலியில உட்கார்ந்தார்.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். அந்த நாற்காலி எவ்வளவு தூரத்துல இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இதோட கனம் புரியும்.

பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்கள் வக்கீலா வர முடியாது. சட்டப் பட்டம் வாங்கலாம், ஆனா கோர்ட்ல நிற்க முடியாது. புனேவிலிருந்து போன கொர்னீலியா சொராப்ஜி 1892லேயே ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதிட்டார். அந்தத் தேர்வை எழுதின முதல் பெண் அவர்தான். தேர்வு எழுதலாம், ஆனா பட்டம் கிடையாதுன்னுட்டாங்க. ஏன்னா ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டமே கொடுக்கலை. அதை மாத்தினது 1920ல். பட்டத்துக்காக ஒரு மனுஷி ஏறக்குறைய முப்பது வருஷம் காத்திருக்காங்க. நாம கான்வொகேஷன் தள்ளிப்போனா மீம் போடறோம்.

அடுத்து ரெஜினா குஹா. கொல்கத்தாவில் சட்டம் படிச்சு முடிச்சுட்டு, வக்கீலாப் பதிவு பண்ண விண்ணப்பம் போடறாங்க. 1916ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துல ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அதை விசாரிக்கிறாங்க. பிரச்சினை என்னன்னா, சட்டத்துல வக்கீலைக் குறிக்கிற இடத்துல ஆண்பால் போட்டிருக்கு. ஆண்பால்ல சொன்னா அது பெண்ணுக்கும் பொருந்தும்னு பொதுச் சட்டமே ஒண்ணு இருக்கு. அதைக் காட்டியும் கதை நடக்கலை. சட்டம் எழுதினவங்க பெண்களை மனசுல வச்சு எழுதலைன்னு சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிட்டாங்க. 1921ல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் இதே கதி. அதே 1921ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் சொராப்ஜியைப் பதிவு பண்ணிக்கிச்சு. கடைசியா 1923ல் பெண்களும் வக்கீல் தொழில் செய்யலாம்னு தனிச் சட்டமே போட்டாங்க. நல்லா கவனிங்க, தீர்ப்பால வந்த கதவு இல்லை அது. சட்டமன்றத்துல, அரசியலால திறந்த கதவு.

அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. சமஸ்தானங்களுக்குத் தனி விதி. ஆனா காற்று எல்லை பார்த்தா வீசும்? 1926ல் அன்னா சாண்டி சட்டப் பட்டம் வாங்கினார். கேரளத்துல சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். 1929ல் வக்கீல் தொழிலை ஆரம்பிச்சார். எடுத்துக்கிட்டது பெரும்பாலும் கிரிமினல் வழக்குகள். பெண் வக்கீல்னா குடும்ப வழக்கு பார்ப்பாங்கன்னு இன்னைக்கும் நினைக்கிற ஆட்கள் இருக்காங்க. இவர் 1929லேயே கொலைக் கேஸ், அடிதடிக் கேஸ் நடக்கிற கோர்ட்டுக்குப் போனவர்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

அந்தக் காலத் திருவிதாங்கூர் அரசியலே அரசு வேலையில யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சுத்தித்தான் நடந்தது. 1891ல் மலையாளி மெமோரியல்னு ஒரு மனு. பத்தாயிரத்துக்கும் மேல கையெழுத்து. பெரிய பதவிகள்ல வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களே நிறைஞ்சிருக்காங்க, மண்ணின் மக்களுக்கு இடம் இல்லைன்னு கேட்டாங்க. 1932ல் ஈழவர், முஸ்லிம், கிறிஸ்தவர் மூணு பேரும் சேர்ந்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தினாங்க. மக்கள்தொகைக்கு ஏத்த பிரதிநிதித்துவம் வேணும்னு கேட்டாங்க. சமூகநீதின்னு நாம இன்னைக்குப் பேசற எல்லா வாதமும் அங்கே அப்பவே பேசியாச்சு.

ஆனா பாருங்க, இந்தப் பங்கு பிரிக்கிற கணக்குல எல்லாச் சாதியும் இருந்தது, எல்லா மதமும் இருந்தது. பெண் இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் இத்தனை வேலைன்னா, அந்தச் சமூகத்து ஆண்களுக்கு இத்தனை வேலைன்னுதான் அர்த்தம்.

1920களோட கடைசியில திருவனந்தபுரத்துல ஒரு பொதுக் கூட்டம். பெண்களுக்கு அரசு வேலை கொடுக்கலாமா வேண்டாமான்னு விவாதம். கொடுக்கக் கூடாதுன்னு பேசினவர் டி.கே. வேலுப் பிள்ளை. சாதாரண ஆள் கிடையாது. பின்னாடி 1940ல் நாலு தொகுதியா திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் எழுதினவர், பெரிய படிப்பாளி. அவருக்குப் பதில் சொல்ல எழுந்தவர், இருபதுகளின் நடுவில் இருந்த அன்னா சாண்டி.

கோர்ட்ல எதிர்த்தரப்பு மனுவைப் பிரிச்சு மேயற மாதிரி அவர் வாதத்தை ஒவ்வொண்ணா எடுத்து வச்சிருக்கார். சாரம் இதுதான்: இவர் சுத்தி வளைச்சுச் சொல்றதை எல்லாம் உரிச்சுப் பார்த்தா, பெண் என்பவள் ஆணோட வீட்டுச் சுகத்துக்காகப் படைக்கப்பட்டவள், அடுக்களைங்கிற கோயிலை விட்டு வெளியே வந்தா குடும்ப சந்தோஷம் கெட்டுடும், அவ்வளவுதான் மிச்சம். அடுக்களையைக் கோயில்னு அவர் சொன்ன இடத்துல ஒரு கிண்டல் இருக்கு. கோயில்னு சொல்லிட்டு உள்ளே வச்சுப் பூட்டறதுன்னா அது கோயிலா என்ன?

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு ஹெச்.ஆர். ஞாபகம் வந்தார். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன். கேம்பஸ் இன்டர்வியூல கோடிங் ரவுண்டு முடிச்சு, டெக்னிக்கல் ரவுண்டு முடிச்சுப் போய் உட்கார்ந்தா, அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" எனக்கு முன்னாடி போன பையன்கிட்ட "அஞ்சு வருஷத்துல நீங்க எங்கே இருப்பீங்க"ன்னு கேட்டிருக்கார். கேள்வி ஒண்ணுதான், பாஷைதான் வேற. வேலுப் பிள்ளையாவது மேடையில நின்னு வெளிப்படையாச் சொன்னார்.

தமிழ்நாட்டுல அரசுப் பணியில பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது 1989ல். திருவனந்தபுரத்துல அந்தப் பெண் எழுந்து பேசினதுக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அறுபது வருஷம்.

பேசிட்டு வீட்டுக்குப் போகலை அவர். 'ஸ்ரீமதி'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு அவரே ஆசிரியரா இருந்து நடத்தினார். மலையாளத்துல, பெண்களுக்காக. இன்னைய கணக்குல சொல்லணும்னா சொந்தமா ஒரு பேஜ் வச்சிருந்தார். அடுத்தவன் பேஜ்ல கமெண்ட் போட்டுக்கிட்டு இருக்கலை.

1931ல் ஸ்ரீமூலம் சபைத் தேர்தல்ல நின்னார். நம்ம கூட்டத்துக்கு இந்த இடம்தான் முக்கியம். எதிர்த்து நின்னவங்க கொள்கை பேசலை. பத்திரிகைகளும் அவரோட வாதத்துக்குப் பதில் எழுதலை. அவரோட நடத்தையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. வக்கீலா இருக்கிற பெண், நாலு ஆம்பளைங்களோட பழகற பெண், அதிகாரத்துல இருக்கிறவங்களைத் தெரிஞ்ச பெண். இந்த மூணை வச்சு என்ன கதை கட்டுவாங்கன்னு நான் சொல்லணுமா? நம்ம கமெண்ட் பாக்ஸை ஸ்க்ரோல் பண்ணினாப் போதும். தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, வசவுல ஒரு புதுசுகூட கண்டுபிடிக்கலை.

அவர் என்ன பண்ணார்? ஒதுங்கலை. சொந்தப் பத்திரிகையிலயே இதைப் பத்தி எழுதினார். 1932லிருந்து 1934 வரைக்கும் அந்தச் சபையில உறுப்பினரா உட்கார்ந்தார்.

1935ல் இரண்டு விஷயங்கள்ல அவர் எடுத்த நிலைப்பாடு, அவர் எப்பேர்ப்பட்ட ஆள்னு காட்டுது. முதலாவது, திருவிதாங்கூர்ல பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு இருந்தது. அந்த விலக்கு வேண்டாம்னு எழுதினார். சமம்னு கேட்டா, லாபம் வர்ற இடத்துல மட்டும் சமமா கேட்க முடியாதுன்னு அவர் வாதம். எனக்குத் தனிப்பட்ட முறையில தூக்குத் தண்டனையே யாருக்கும் கூடாதுங்கற கருத்து. அதனால இந்த இடத்துல நான் அவர்கூட உடன்படலை. ஆனா அந்த நேர்மை இருக்கு பாருங்க, அதை மறுக்க முடியாது. சலுகையைத் திருப்பிக் கொடுத்துட்டு உரிமையைக் கேட்ட ஆள்.

இரண்டாவது இன்னும் பெருசு. பெண்ணோட உடம்பு யாருக்குச் சொந்தம்னு கேட்டார். மலையாளப் பெண்கள்ல பல பேருக்குச் சொத்து இருக்கு, ஓட்டு இருக்கு, வேலையும் வருமானமும் இருக்கு, ஆனா எத்தனை பேருக்குத் தன் உடம்பு மேல தனக்கு அதிகாரம் இருக்கு? பிள்ளை பெறலாமா, எப்போ பெறலாம், எத்தனை பெறலாம்னு முடிவு பண்ற உரிமை இருக்கா? கருத்தடை பத்தியும் தாய்மை நலம் பத்தியும் சொல்லிக் கொடுக்க நாடு முழுக்க மருத்துவ மையங்கள் வேணும்னு கேட்டார். அகில இந்திய மாதர் மாநாட்டுல இந்தத் தீர்மானத்தை எதிர்த்ததுல அவரோட சொந்த மதத்துப் பெண் உறுப்பினர்களும் இருந்தாங்க. வெளியே இருக்கிறவன் எதிர்த்தா கைதட்டல் கிடைக்கும். சொந்த வீட்டுக்குள்ள எதிர்ப்பு வந்தா பேசறதுதான் கஷ்டம்.

சொந்த வீடுன்னதும் இதையும் சொல்லிடறேன். அவர் பிறந்த சமூகத்துல 1916ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம் நடப்புல இருந்தது. உயில் எழுதாம அப்பா இறந்துட்டா, மகளுக்கு மகன் பங்குல நாலில் ஒரு பங்கு, இல்லைன்னா ஐயாயிரம் ரூபாய், இதுல எது கம்மியோ அது. கம்மியோ அதுங்கறதை எழுத்துல போட்டு வச்சிருந்தாங்க! மேரி ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொன்னது 1986ல். அதாவது அன்னா சாண்டி நீதிபதியா மத்தவங்க சொத்து வழக்குக்கெல்லாம் தீர்ப்பு எழுதிட்டு இருந்த காலம் முழுக்க, அவர் சமூகத்துப் பெண்கள் கால் பங்குக்காரிகளாத்தான் நடத்தப்பட்டாங்க.

1937. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். மெட்ராஸ்ல பேர் வாங்கின வக்கீல். புன்னப்ரா வயலார்ல துப்பாக்கிச்சூடு நடந்தது இவர் ஆட்சியிலதான், அதனால இவரைப் பாராட்டி நான் பேசப் போறதில்லை. ஆனா அன்னா சாண்டியை முன்சீப்பா நியமிச்சது இவர்தான். இந்தியாவில ஒரு பெண் நீதிபதி நாற்காலியில உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அன்னைக்குத் தன் மனசுல என்ன ஓடிச்சுன்னு அவர் 1973ல் வந்த தன் ஆத்மகதையில எழுதியிருக்கார். தன்னை வச்சு ஒரு பரீட்சை நடக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தடுமாறினாலோ தோத்தாலோ அது என் வேலையோட போகாது, பெண்கள் எல்லாரோட வாய்ப்பையும் கெடுத்த மாதிரி ஆயிடும்னு உணர்ந்துதான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்.

நாங்க சாஃப்ட்வேர்ல தினமும் டெஸ்ட் கேஸ் எழுதறோம். ஒரு டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆனா அந்த ஒரு ஃபங்க்ஷன்ல கோளாறுன்னு அர்த்தம். மொத்த கோடையும் தூக்கிக் குப்பையில போட மாட்டோம். ஆனா பெண்ணை வச்சு டெஸ்ட் பண்ணும்போது மட்டும் கணக்கு மாறிடும். ஒரு ஆம்பளை நீதிபதி தப்பான தீர்ப்பு கொடுத்தா, அவர் தப்பான நீதிபதி. ஒரு பொம்பளை நீதிபதி தப்பாக் கொடுத்தா, பொம்பளைங்களே சரிப்பட மாட்டாங்க. இந்த பாரத்தைத் தலையில வச்சுக்கிட்டு தினமும் காலையில கோர்ட்டுக்குப் போறது எப்படி இருந்திருக்கும்? அந்த வரிகளைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

அவர் தோக்கலை. 1948ல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரி 9ஆம் தேதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில உயர் நீதிமன்றத்துக்குப் போன முதல் பெண். இங்கிலாந்துல உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி எலிசபெத் லேன் வந்தது 1965ல். நமக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்ததாப் பெருமை பேசற நாடு, ஆறு வருஷம் பின்னாடி வந்தது. 1967ல் ஓய்வு பெற்றார். அப்புறம் இந்திய சட்ட ஆணையத்துல உறுப்பினரா இருந்தார். 1996ல், 91ஆவது வயசுல காலமானார்.

சரி, அவர் போட்ட பாதையில யார் நடந்தாங்க? பத்தனம்திட்டாவில் மீரா சாகிப்னு ஒரு அப்பா. அன்னா சாண்டி பெரிய ஆளாகறதைப் பார்த்து, தன் பொண்ணையும் சட்டம் படிக்க வைக்கணும்னு முடிவு பண்றார். அந்தப் பொண்ணு 1950ல் வக்கீலாப் பதிவு பண்ணி, 1958ல் முன்சீப் ஆகி, 1989 அக்டோபர்ல இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனாங்க. பாத்திமா பீவி. 1997லிருந்து 2001 வரை நம்ம தமிழ்நாட்டு ஆளுநர். அவங்க ஆளுநரா இருந்தப்ப எடுத்த அரசியல் முடிவுகள் பத்தி எனக்கு விமர்சனம் உண்டு, உங்களுக்கும் இருக்கும், அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்னைக்கு நான் நினைக்கிறது அந்த அப்பாவைத்தான். ஒரு பெண் முகம் காட்டி வெளியே வந்து நின்னாங்க. அதை எங்கேயோ இருந்து ஒரு அப்பா பார்த்தார்.

நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை. வருஷம் 1986. அன்னா சாண்டிக்கு அப்புறம் 27 வருஷம். ஊத்தங்கரையில் பிறந்த பானுமதி 1988ல் மாவட்ட நீதிபதியா நேரடித் தேர்வுல வந்து 2014ல் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2021ல் ஒரே நாள்ல மூணு பெண்கள் பதவி ஏத்தப்ப பெரிய செய்தி ஆச்சு. அவங்களையும் சேர்த்து எண்ணினா உச்ச நீதிமன்றத்துல அதுவரைக்கும் வந்த பெண் நீதிபதிகள் மொத்தம் 11 பேர். உச்ச நீதிமன்றம் தொடங்கினது 1950ல். உயர் நீதிமன்றங்கள்ல பெண்கள் பங்கு 2024 வரைக்கும் 15 சதவீதத்தைத் தொடலை. மாவட்ட நீதிமன்றங்கள்ல, தேர்வு எழுதி வர்ற இடத்துல, பெண்கள் இதைவிட நிறைய வந்துட்டாங்க. கூப்பிட்டுக் கொடுக்கிற இடத்துலதான் இன்னும் கதவு பாதி சாத்தியிருக்கு. இது ஏன்னு யோசிச்சுப் பாருங்க.

நேரம் முடிஞ்சிருச்சுன்னு சாட்ல போடறாங்க. ஒரு நிமிஷம்.

போன கூட்டத்துல முகம் காட்ட வேண்டாம்னு சொன்ன அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, நீங்க எங்களைக் காப்பாத்தணும்னு நினைச்சுச் சொன்னீங்க, நன்றி. ஆனா திட்டறவனுக்கு வேண்டியதும் அதேதான். நாங்க உள்ளே போகணும். எங்களுக்கு வேண்டிய உதவி வேற. வசவு வந்தா அதை எடுக்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க, சைபர் கிரைம்ல புகார் கொடுக்க ஆள் வேணும். அதை நாங்களே உட்கார்ந்து படிச்சுப் படிச்சு நீக்கிட்டு இருக்கக் கூடாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு லைவ். அதே பெண் தோழரும் நானும் சேர்ந்து பேசறோம், கேமரா ஆன்ல. தலைப்பு பட்ஜெட்தான், போன தடவை அவங்க பாதியில விட்ட இடத்திலிருந்து. கமெண்ட் பகுதியைப் பார்த்துக்க மூணு பேர் வேணும். ஆண் தோழர்களா இருந்தா நல்லது. பேர் கொடுக்கிறவங்க இப்பவே சாட்ல போடுங்க.

#அன்னாசாண்டி #மகளிர்தினம் #சமூகநீதி